மனுவோடு இணைத்த படம்

1966-ஆம் ஆண்டு மேற்கு பெர்லினில் சினிமாக் கலாசாலையொன்று புதிதாகத் திறக்கப்பட்டபோது, அதில் இடம் கேட்டு விண்ணப்பித்தவர்களுள் ரெய்னர் வெர்னர் ஃபாஸ்பிண்டர் என்ற 21 வயது இளைஞரும் ஒருவர். எட்டு மில்லிமீட்டர் பிலிமில் தாம் எடுத்திருந்த சிறு படங்களையும் அவர் தம் மனுவோடு சேர்த்துக் கொடுத்திருந்தார். கலாசாலை அவரை ஏற்றுக்கொள்ளவில்லை. அதற்காக அவர் முடங்கிவிடவுமில்லை. அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் இரண்டு குறும்படங்களை எடுத்து, நாடகக் குழுவொன்றில் புகுந்து, 1969-இல் முதல் முழுநீளப் படத்தைக் கொண்டுவந்து, 1982-இல் 37-ஆம் வயதில் காலமாவதற்குள் ஜெர்மானிய சினிமாவின் போக்கையே மாற்றிவிட்டார். சினிமாப் பள்ளிகளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இந்தக் கதை சொல்லப்படுகிறது. சொல்லுகிறவர்கள் அநேகமாக அந்தப் பள்ளிகளை ஏளனம் செய்யும் நோக்கத்துடனேயே சொல்லுகிறார்கள்.

ஆனால் அதே பெர்லின் கலாசாலை அதே ஆண்டில் சேர்த்துக்கொண்ட முதல் அணியில் ஹாருன் ஃபரோக்கியும் ஹெல்கே ஸாண்டரும் வோல்ஃப்காங் பீட்டர்ஸனும் இருந்தார்கள் என்பதை ஏளனக்காரர்கள் சேர்த்துச் சொல்லுவதில்லை. ஒருவருக்கொருவர் சம்பந்தமேயில்லாத மூன்று வழிகளில் சென்று பெயர் நாட்டிய அந்த மூவரையும் கண்டுகொண்ட கண்களைக் குருட்டுக் கண்கள் என்று தள்ளிவிட முடியுமா? அதே ஆண்டில் பாரிஸ் நகரத்து அரசாங்கப் பள்ளியின் நுழைவுத் தேர்வில் தோற்றுப்போன விம் வெண்டர்ஸ், மறு ஆண்டில் மியூனிக் பள்ளியில் இடம் பெற்றார். ஒரு வாசலில் தள்ளுபடியான சரக்கு இன்னொரு வாசலில் விலைபோனது. ஆகவே தேர்வாளர்கள் புத்திசாலிகளா மூடர்களா என்று விசாரிப்பதில் பயனில்லை. அவர்கள் கையில் இருக்கும் அளவுகோல் எதை அளக்கிறது, எதை அளப்பதாகத் தவறாக எண்ணப்படுகிறது என்று விசாரிப்பதே பயனுள்ளது. அந்த அளவுகோல்களுள் இன்று பிரதானமாகிவிட்டது, விண்ணப்பத்தோடு ஒரு குறும்படத்தை எடுத்து அனுப்பவேண்டும் என்ற வழக்கம்.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் இந்த வழக்கம் வேரூன்றியிருக்கிறது. நியூயார்க், தெற்குக் கலிஃபோர்னியா ஆகிய பல்கலைக்கழகங்களின் சினிமாப் பிரிவுகளும், லண்டனுக்கு அருகே பீக்கன்ஸ்ஃபீல்டில் 1971-இல் தொடங்கிய தேசியப் பள்ளியும், டைரக்‌ஷன் பயில வருகிறவர்களிடம் ஏதேனும் ஒரு படைப்பைக் கேட்கின்றன. சில இடங்களில் ஐந்து நிமிஷத்துக்கு மேற்படலாகாது என்றும், சில இடங்களில் பத்து நிமிஷம் வரை போகலாம் என்றும், சில இடங்களில் கொடுக்கப்பட்ட பொருளைத் தழுவியே இருக்கவேண்டும் என்றும் விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டிருக்கும். நம் நாட்டிலோ, 1960-இல் பிரபாத் ஸ்டூடியோவின் பழைய வளாகத்தில் பிறந்த புனே நிறுவனமும், 1945-இல் சென்னை சென்ட்ரல் பாலிடெக்னிக்கின் ஒரு பிரிவாக ஆரம்பித்து இன்று தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரைத் தாங்கி நிற்கும் அரசாங்கப் பயிற்சி நிலையமும் பெரும்பாலும் தேர்வையும் நேர்முகத்தையும் நம்பியே மாணவர்களை எடுத்து வந்திருக்கின்றன. வெளிநாட்டுப் பள்ளிக்கு மனுப் போடுகிற நம் இளைஞர்களுக்கு மட்டுமே இந்தக் குறும்பட நிபந்தனை நேரடியாகத் தெரியும். ஆனால் அதன் உடன்பிறப்பான வேறொரு வழக்கம் கோடம்பாக்கத்தில் நன்றாகவே அறிமுகமாகியிருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்லுகிறேன்.

முதலில் குறும்பட நிபந்தனையின் குணத்தைச் சொல்லிவிடுவது நியாயம். எழுத்துத் தேர்வு ஒருவர் எதை அறிந்திருக்கிறார் என்பதைக் காட்டும். நேர்முகம் அவருக்குப் பேசத் தெரியுமா என்பதைக் காட்டும். அவர் எதைப் பார்க்கிறார் என்பதை இவ்விரண்டும் காட்டமாட்டா. வெகுநேரம் கழித்து வீடு திரும்பிய மகனுக்குத் தாய் சோறு போடுகிறாள் என்ற சாதாரணமான சந்தர்ப்பத்தை எடுத்துக்கொள்வோம். கேமராவை மகன் முகத்துக்கு நேரே வைப்பதா, தட்டின் மட்டத்துக்குத் தரையோடு தரையாக இறக்குவதா, அடுக்களை வாசற்படிக்கு வெளியே நிறுத்தி இருவரையும் அந்நியனைப் போலப் பார்ப்பதா. தாய் ஒரு கேள்வி கேட்கும்போது கேட்கிறவளைக் காட்டுவதா, பதில் சொல்லாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும் விரல்களைக் காட்டுவதா. பக்கத்து வீட்டு டெலிவிஷன் சத்தத்தை உள்ளே விடுவதா, துடைத்து எறிந்துவிட்டு வயலினை நிரப்புவதா. அவன் எழுந்து கை கழுவப் போகும்போதே காட்சியை வெட்டிவிடுவதா, அவன் திரும்பி வந்து தட்டு எடுக்கப்பட்டிருப்பதைக் காணும்வரை நீட்டுவதா என்று ஒவ்வோர் அடியிலும் ஒரு தீர்மானம் செய்தே தீரவேண்டியிருக்கிறது. இந்தத் தீர்மானங்களை எந்தப் பாடப்புத்தகமும் அந்த மாணவருக்காகச் செய்துகொடுக்க முடியாது. செய்யாமல் தப்பவும் வழியில்லை; யோசிக்காமல் வைத்த கேமராவும் எங்கேயோ ஓரிடத்தில் வைக்கப்பட்ட கேமராதான், அந்த அசிரத்தையும் திரையில் தெரிந்துவிடும். இரண்டு நிமிஷப் படத்திலேகூட இத்தகைய தீர்மானங்கள் முப்பது நாற்பது அடங்கிவிடுகின்றன. நல்ல தேர்வாளர் ஒருவருக்கு இவற்றைவிட வேறு சாட்சியம் வேண்டியதில்லை.

படைப்பைப் பாராமல் மதிப்பெண்ணைப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கும் பிரசித்தமான திருஷ்டாந்தம் உண்டு. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 1964-இல், தம் 17-ஆம் வயதில், எட்டு மில்லிமீட்டர் பிலிமில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் ‘ஃபயர்லைட்’ என்ற படத்தை எடுத்து, ஃபீனிக்ஸ் நகரத்து அரங்கமொன்றில் டிக்கெட் வைத்துக் காட்டியவர். அப்படிப்பட்டவரைத் தெற்குக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சினிமாப் பிரிவு பள்ளிக்கூட மதிப்பெண் போதவில்லை என்று சேர்த்துக்கொள்ள மறுத்தது. லாங் பீச்சில் வேறொரு கல்லூரியில் சேர்ந்து, 1968-இல் ‘ஆம்ப்ளின்’ என்ற 26 நிமிஷப் படத்தை எடுத்து, அதையே தூதாக அனுப்பி யூனிவர்ஸல் ஸ்டூடியோவின் ஒப்பந்தத்தைப் பெற்றார். படிப்பைப் பாதியில் விட்டவர் 2002-இல் அதே கல்லூரியில் பட்டத்தைப் பூர்த்தி செய்துகொண்டபோது, மாணவர்கள் சமர்ப்பிக்கவேண்டிய குறும்படத்துக்குப் பதிலாக ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’டைக் கொடுத்தார் என்பது இந்தக் கதையின் ஹாஸ்யமான பிற்சேர்க்கை. பேராசிரியர்கள் பாஸ் போட்டுவிட்டார்கள்.

இவ்வளவு குணமுள்ள வழக்கத்தில் தோஷம் எங்கிருந்து வந்தது? ஒரே குறும்படத்தை இரண்டு வேறு ஆசாமிகள் இரண்டு வேறு கேள்விகளோடு பார்க்கிறார்கள் என்பதை மறந்துவிடுவதிலிருந்து வந்தது என்பதே என் அபிப்பிராயம். மேலே குறிப்பிட்ட கோடம்பாக்கத்து உடன்பிறப்பு இங்கேதான் உதவிக்கு வருகிறது. 2009 வாக்கில் கலைஞர் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சி வாரந்தோறும் குறும்படங்களைத் திரையிட்டு நடுவர்களைக்கொண்டு மதிப்பிட்டது. அதில் பங்குகொண்ட கார்த்திக் சுப்பராஜ் 2012-இல் ‘பீட்சா’வையும், நலன் குமரசாமி 2013-இல் ‘சூது கவ்வும்’ படத்தையும் எடுத்தார்கள்; பாலாஜி மோகன் தம் ‘காதலில் சொதப்புவது எப்படி’ குறும்படத்தையே அதே பெயரில் 2012-இல் முழுநீளப் படமாக்கினார். அதிலிருந்து, தயாரிப்பாளரின் வாசலில் ஸ்கிரிப்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்த உதவி டைரக்டர்களெல்லாம் குறும்படத்தை விசிட்டிங் கார்டாக நீட்ட ஆரம்பித்தார்கள். இது முற்றிலும் நியாயமான வியாபாரம். தயாரிப்பாளர் பணம் போடுகிறவர். சொன்ன தேதிக்கு, சொன்ன செலவில், ஜனங்கள் உட்கார்ந்து பார்க்கக்கூடிய ஒரு பொருளை இவரால் முடித்துக்கொடுக்க முடியுமா என்பதுதான் அவருடைய கேள்வி. அந்தக் கேள்விக்கு முழுமையும் மெருகும் உள்ள குறும்படமே தக்க விடை.

பள்ளியின் கேள்வி அதுவல்ல. பாட்டு வாத்தியார் ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுமுன் வர்ணத்தைப் பாடச் சொல்லிக் கேட்பது அவன் கச்சேரிக்குத் தயாராகிவிட்டானா என்று தெரிந்துகொள்வதற்காக அல்ல. சுருதி எங்கே விலகுகிறது, விலகியதை அவன் காதே கண்டுகொள்கிறதா என்று தெரிந்துகொள்வதற்காக. இனிமேல் கற்கக்கூடியவரைத் தேடுவதே பள்ளியின் தர்மம். கற்று முடித்தவரைத் தேடினால் பள்ளிக்கு வேலையில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான மனுக்கள் குவிகிற இடத்தில், அலுத்த கண்களோடு ஒன்றன்பின் ஒன்றாகப் படங்களைப் பார்க்கும் தேர்வாளருக்கு, கற்கக்கூடியவரின் தடுமாற்றத்தைவிட முடித்தவரின் நேர்த்தி சட்டென்று கண்ணில் படுவது இயற்கை. அவர் தம்மையறியாமலே தயாரிப்பாளரின் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுகிறார். விண்ணப்பதாரர்களும் இதை மோப்பம் பிடித்துவிடுகிறார்கள்.

அதன் பிறகு நடப்பதைச் சொல்லவேண்டுமா? சித்தப்பாவின் சிநேகிதர் யாரோ விளம்பரப் படங்களுக்குக் கேமரா பிடிக்கிறவர் என்று தெரிந்து அவரைப் பிடிக்கிறார்கள்; டி.ஐ. செய்து நிறத்தைச் சரிப்படுத்த இன்னொருவர். பின்னணி இசைக்கு மற்றொருவர். தென்னந்தோப்புக்கு மேலே பறந்து காட்ட ஒரு ட்ரோன், அதுவும் கதையில் தென்னந்தோப்புக்கு யாதொரு வேலையும் இல்லாதபோது. விண்ணப்பத்தைச் செப்பனிட்டுக் கொடுப்பதற்கென்றே கட்டணம் வாங்கும் ஆலோசகர்களும் வெளிநாடுகளில் பெருகியிருக்கிறார்கள். எழுதியது யார், இயக்கியது யார், வெட்டி ஒட்டியது யார் என்று மனுவிலேயே எழுதிக் கையொப்பமிடும்படி பள்ளிகள் கேட்கத்தான் கேட்கின்றன. கேட்டு என்ன? இந்த லென்ஸைப் போடலாம் என்று முதலில் சொன்னது டைரக்டரா, வாடகைக்கு வந்த கேமராமேனா என்பது படப்பிடிப்பு நடந்த இடத்திலிருந்த நாலு பேருக்கு மட்டுமே தெரிந்த விஷயம். மேலே நான் புகழ்ந்த அந்த முப்பது நாற்பது தீர்மானங்களும் சிறிது பணமிருந்தால் வெளியே கொடுத்துச் செய்துவாங்கக்கூடியவையாக ஆகிவிட்டபோது, சாட்சியத்தின் மதிப்பு அடியோடு சரிந்துவிடுகிறது.

கருவிகள் மலிந்துவிட்டபடியால் இந்தக் குறை தானே தீர்ந்துவிட்டது என்று சாதிக்கிறவர்கள் உண்டு. 1965-இல் கோடாக் கம்பெனி கொண்டுவந்த சூப்பர் எட்டு பிலிம் சுருள் 50 அடி நீளம்; விநாடிக்கு 18 சட்டம் வீதம் ஓட்டினால் 3 நிமிஷம் 20 விநாடியில் தீர்ந்துபோகும். சுருளையும் கழுவுகூலியையும் எண்ணி எண்ணிச் செலவிட்ட காலம் அது. 2008-இல் கேனன் கம்பெனியின் ஃபைவ் டி மார்க் டூ, புகைப்படக் கேமராவிலேயே சினிமாத் தோற்றமுள்ள வீடியோவை எடுக்க வழிசெய்தது. இன்று சட்டைப் பையிலுள்ள டெலிபோனே அதற்குப் போதும். எடிட்டிங் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. இதெல்லாம் உண்மை. ஆனால் மலிந்தது பிம்பம் மாத்திரமே. காற்றிரைச்சல் இல்லாமல் குரலைப் பதிவுசெய்ய நல்ல மைக்கும், அதைப் பிடிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். விண்ணப்பப் படங்களில் பல, கண்ணால் அல்ல, காதால் தோற்கின்றன. நாலு நாள் வேலைக்குப் போகாமல் வந்து நடிக்கக்கூடிய நண்பர்கள் வேண்டும். கேமராவைத் தூக்கிக்கொண்டு நடமாடினால் ‘என்ன விஷயம்’ என்று விரட்டாத ஒரு தெரு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சம்பாதிக்காமல் ஒரு மாதத்தைக் கழிக்கும் அவகாசம் வேண்டும். இவையெல்லாம் கடையில் மலிவதில்லை. அன்றியும், மூன்று நிமிஷச் சொச்சத்தில் தீரும் அந்தச் சுருள் ஒரு நிர்ப்பந்தமாக இருந்தது; எதை எடுப்பது என்று கேமராவைத் தொடுமுன்பே தீர்மானிக்கச் செய்தது. எடுத்துத் தள்ளிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற இன்றைய சௌகரியம் அந்தத் தீர்மானத்தை எடிட்டிங் மேஜைக்கு ஒத்திப்போடுகிறது. அங்கே, எடுக்காமல் விட்டதை யாராலும் சேர்க்க முடியாது.

இன்னொரு தோஷம், படங்களெல்லாம் ஒன்றைப்போல் ஒன்று இருப்பது. விடியற்காலை, அலாரம் அடிக்கிறது, போர்வைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு அதை நிறுத்துகிறது. இளைஞன் கண்ணாடிக்கு முன் நின்று தன்னையே வெறித்துப் பார்க்கிறான். பியானோ ஒற்றை விரலால் வாசிக்கப்படுகிறது. அவன் நடக்கிறான், நடக்கிறான், கடற்கரையிலோ மொட்டை மாடியிலோ போய் நிற்கிறான். கடைசி இருபது விநாடியில், அவன் முன்பே இறந்துபோனவன் என்றோ, கண்டதெல்லாம் கனவென்றோ, அவன் எதிரே உட்கார்ந்து பேசிய பெண் அங்கே இல்லவேயில்லை என்றோ தெரியவருகிறது. தேசமும் பாஷையும் மாறினாலும் இந்தப் படம் மாறுவதில்லை. இதை வெறும் கற்பனை வறட்சி என்று ஏசுவது அநியாயம். தன் அறையைத் தவிர வேறு லொகேஷன் இல்லாதவர் தன் அறையில்தான் எடுப்பார். தன்னைத் தவிர வேறு நடிகர் இல்லாதவர் தன்னைத்தான் நடிக்கவைப்பார். பேச்சைப் பதிவுசெய்ய வசதியில்லாதவருக்கு மௌனமும் பியானோவும்தான் கதி. அலாரமும் கண்ணாடியும் இப்படி வறுமையிலிருந்து வந்தவை, மன்னித்துவிடலாம். அந்தக் கடைசித் திருப்பம் வேறிடத்திலிருந்து வருகிறது. முன்பின் அறியாத தேர்வாளர் மூன்றாவது நிமிஷத்தில் கொட்டாவி விட்டுவிடுவாரோ என்ற பயம், அவரை ஏமாற்றியாவது விழிக்கச் செய்யவேண்டும் என்று தூண்டுகிறது. முன்பு இடம் கிடைத்தவர்கள் யூடியூபில் போட்டுவைத்திருக்கும் படங்களைப் பார்த்து, இதுதான் வழி போலும் என்று அடுத்தவர்கள் பின்பற்ற, பயமே ஒரு சம்பிரதாயமாகிவிடுகிறது.

திருப்பம் கூடாதென்பதல்ல. போலந்து நாட்டு ரோமன் போலன்ஸ்கி, 1957-இல் லோட்ஜ் நகரத்துப் பள்ளியில் மாணவராக இருந்தபோது ‘பல் தெரியும் சிரிப்பு’ என்று பொருள்படும் பெயரில் ஏறக்குறைய இரண்டு நிமிஷத்துப் படமொன்றைப் பயிற்சிக்காக எடுத்தார். படியிறங்கும் ஒருவன் சன்னல் வழியே குளியலறையில் ஒரு பெண்ணைத் திருட்டுத்தனமாகப் பார்க்கிறான்; இடையூறு வந்து விலகி, மறுபடியும் ஆவலோடு எட்டிப்பார்க்கும்போது அங்கே ஓர் ஆண்பிள்ளை பல் துலக்கிக்கொண்டிருக்கிறான். அவ்வளவுதான், வசனம் ஒன்றுகூட இல்லை. இதிலும் திருப்பம் உண்டு. ஆனால் அது பார்வையாளரை ஏமாற்றுவதற்காகக் கடைசியில் ஒட்டப்பட்டதன்று. எட்டிப்பார்த்தல் என்ற செய்கைக்குள்ளேயே இருந்து வெளிவருகிறது. அவனோடு சேர்ந்து நாமும் எட்டிப்பார்த்தவர்கள் ஆகையால் அவனுக்கு நேர்ந்த அவமானத்தில் நமக்கும் பங்கு கிடைக்கிறது. இது மனுவுக்காக எடுத்த படமல்ல, சேர்ந்த பிறகு எடுத்தது என்பதும் கவனிக்கத்தக்கது. உள்ளே வந்தவருக்கு இரண்டு நிமிஷ அப்பியாசம் போதும் என்று கருதிய பள்ளிகள் உண்டு. இன்று வெளியே நிற்பவரிடம் பத்து நிமிஷம் வரை கேட்கிறார்கள்.

வழக்கம் தன் வேலையைச் செவ்வனே செய்த சந்தர்ப்பங்களும் இல்லாமலில்லை. ஃபிலடெல்ஃபியாவில் ஓவியம் பயின்ற டேவிட் லிஞ்ச், 1968-இல் நாலு நிமிஷத்தில் ‘தி ஆல்ஃபபெட்’ என்ற படத்தை முடித்தார். தூக்கத்தில் ஒரு சிறுமி பயத்தோடு அகர வரிசையைப் பிதற்றினாள் என்று மனைவி சொல்லக் கேட்டதிலிருந்து முளைத்தது அது. பாதி சித்திரங்களின் அசைவு, பாதி உயிருள்ள நடிகை, அந்த நடிகையும் அவர் மனைவியே. அதையும், ‘தி கிராண்ட்மதர்’ என்ற அடுத்த படத்துக்கான எழுத்துப் பிரதியையும், முந்திய ஆண்டில்தான் தோன்றியிருந்த அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டுக்கு அனுப்பினார். 5,000 டாலர் மானியம் கிடைத்தது. பிற்பாடு கூடுதல் தொகையும் கிடைத்தது. 1970-இல் அந்த ஸ்தாபனத்தின் கலாசாலைக்கே மாணவராகப் போனார். ‘தி ஆல்ஃபபெட்’டைத் தயாரிப்பாளர் யாரேனும் பார்த்திருந்தால் கதவை நோக்கிக் கை காட்டியிருப்பார். அதில் கதை இல்லை, மெருகும் இல்லை. ஆனால் வேறொருவர் எடுத்திருக்க முடியாத படம் என்பது முதல் அரை நிமிஷத்திலேயே தெரிகிறது. தேர்வாளர்கள் சரியான கேள்வியைக் கேட்டதால் சரியான விடையைக் கண்டார்கள்.

ஜேன் கேம்பியனும் ஓவியத்திலிருந்து வந்தவரே. 1980-இல் ‘டிஷ்யூஸ்’ என்ற சிறு படத்தை எடுத்த அவர், மறு ஆண்டில் ஆஸ்திரேலியாவின் அரசாங்கத் திரைப்படப் பள்ளியில் சேர்ந்து, 1982-இல் ‘பீல்’ என்ற ஒன்பது நிமிஷப் படத்தைச் செய்தார். காரில் போகும்போது சிறுவன் ஆரஞ்சுத் தோலை வெளியே எறிகிறான். தகப்பன் காரை நிறுத்தி, இறங்கிப் பொறுக்கி வா என்கிறான். கூட வந்த தகப்பனின் சகோதரி நேரமாகிறதென்று கோபிக்கிறாள். மூன்று பேரும் ஒருவரையொருவர் விஞ்சிய பிடிவாதக்காரர்கள் என்று தெரியவருகிறது. நாலு ஆண்டுகள் கழித்து, 1986-இல், கான் விழாவில் குறும்படங்களுக்கான தங்கப்பனை அதற்குக் கிடைத்தது. முதற்படத்துக்கும் இதற்கும் இடையே உள்ள தூரம்தான் பள்ளி என்பது. அந்தத் தூரத்தைக் கடக்கக்கூடியவர் இவர் என்று முதற்படத்தைக்கொண்டு ஊகிப்பது சுலபமான காரியமல்ல. ஆனால் தேர்வாளரின் சம்பளம் அதற்காகத்தான்.

இனி, இந்த வழக்கம் யாரைப் பார்க்கவே பார்க்காது என்பதையும் எண்ணவேண்டும். 1962-இல் புனேயில் சேர்ந்த அடூர் கோபாலகிருஷ்ணன் நாடகப் பித்தின் வழியே அங்கே வந்தவர். திரைக்கதை எழுதப் பயின்றால் நாடகம் எழுத உதவும் என்ற எண்ணத்தில் அரசாங்க உத்தியோகத்தை விட்டுவிட்டு வந்தவர். ஆந்திரேய் தார்க்கோவ்ஸ்கி சைபீரியக் காட்டில் கனிமம் தேடும் கோஷ்டியோடு ஓராண்டு சுற்றிவிட்டு, 1954-இல் மாஸ்கோவில் மிகயீல் ரோம் என்ற ஆசிரியரிடம் வந்து சேர்ந்தார். இருமுறை லோட்ஜில் நிராகரிக்கப்பட்டு மூன்றாம் முறை இடம் பெற்ற போலந்து டைரக்டர் கீஸ்லோவ்ஸ்கி, நாடக மேடைத் தொழில்நுட்பம் கற்று, நாடக டைரக்டராக விரும்பியவர். இவர்கள் யாரும் ஷோரீலை, அதாவது எடுத்த படங்களின் தொகுப்பை, கொண்டுவந்து இடம் பெற்றவர்கள் அல்லர். கேமராவைப் பள்ளியில்தான் முதன்முதலாகத் தொடவேண்டிய நிலையிலுள்ளவர்கள் இன்றும் உலகில் பெரும்பாலோர். அரசாங்கப் பணத்தில் நடக்கும் பள்ளி அவர்களுக்காகவே ஏற்பட்டது என்றுகூட வாதிக்கலாம்.

அப்படியானால் நம் நாட்டு எழுத்துத் தேர்வு முறையே மேல் என்று திருப்திப்படலாமா? எனக்கு அந்தத் தைரியம் இல்லை. எந்த ஆண்டில் எந்தப் படம், எந்த விருது யாருக்கு என்ற வகைக் கேள்விகளுக்கு நோட்ஸ் அச்சடித்து விற்கிறார்கள். மனப்பாடம் செய்ய முடிந்தவர் முன்னேறுகிறார். நேர்முகத்தில் ஆங்கிலம் தடையின்றி வருகிறவருக்குக் கிடைக்கும் அனுகூலத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கட்டுரை வேறு திசையில் போய்விடும். இரண்டுக்கும் நடுவே பாரிஸ் நகரத்து ஃபெமிஸ் பள்ளி ஒரு வழி கண்டிருக்கிறது. முன்பு வெண்டர்ஸைத் தோற்கடித்த பள்ளிக்கு வாரிசாக 1986-இல் ஏற்பட்ட இந்நிறுவனம், தன் பொதுத் தேர்வில் குறும்படத்தை நிபந்தனையாக வைப்பதில்லை. மூன்று பொருள்களைக் கொடுத்து, ஒன்றைத் தேர்ந்து, வெளியே போய்க் கண்டும் கேட்டும் விசாரித்தும், எழுத்தும் படங்களுமாக ஓர் ஆய்வுத் தொகுப்பைத் தயாரித்து அனுப்பச் சொல்லுகிறது. ஒரு சொல்லைக் கொடுத்தால் இவர் உலகத்தில் எதைப் போய்ப் பார்க்கிறார் என்பது அதில் தெரிந்துவிடுகிறது. ஆனால் ஷாட்டுக்கும் ஷாட்டுக்கும் நடுவே என்ன நிகழ்கிறது, சத்தத்தை எங்கே வைக்கிறார் என்பது தெரியாது. எழுத வருகிறவருக்கு அதிலும் ஒரு மேல்கை உண்டு.

ஆகையால் குறும்படத்தை ஒழிக்கவேண்டும் என்பதல்ல, அதைச் சிறுக்கவைக்கவேண்டும் என்பதே என் கட்சி. லூமியேர் சகோதரர்களின் 1895-ஆம் ஆண்டுப் படங்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐம்பது விநாடி. கேமரா அசையாது, வெட்டும் இல்லை. அதே அளவில் ஒரே ஷாட், டெலிபோனில் எடுத்ததாக இருக்கவேண்டும், இசை சேர்க்கக்கூடாது, சொந்தத் தெருவிலோ வீட்டிலோதான் எடுக்கவேண்டும், பொருள் எல்லோருக்கும் ஒன்றே, அதுவும் இரண்டு வாரத்துக்கு முன்புதான் அறிவிக்கப்படும் என்று விதித்துவிட்டால், ட்ரோனுக்கும் வாடகைக் கேமராமேனுக்கும் அங்கே ஜோலி இராது. கேமராவை எங்கே வைப்பது, எப்போது ஆரம்பிப்பது, எப்போது நிறுத்துவது என்ற மூன்று தீர்மானங்கள் மட்டும் மிஞ்சும். அதோடு, வெற்றிபெற்ற டேக்கை மாத்திரமன்றித் தள்ளிவிட்ட டேக்குகளையும் சேர்த்து அனுப்பச் சொல்லவேண்டும். முதல் டேக்கிலிருந்து ஐந்தாவது டேக்குக்கு வரும்போது எதை மாற்றினார், ஏன் மாற்றினார் என்பதில் அவருடைய கற்கும் சக்தி பிரத்தியட்சமாகத் தெரியும். மெருகேறிய பத்து நிமிஷப் படத்தில் அது ஒருபோதும் தெரியாது.

இந்த யோசனைக்கும் ஆட்சேபணை உண்டு. ஒரே பொருளைக் கொடுத்தால் அதற்கும் டியூஷன் வைத்துவிடுவார்கள் என்பார்கள். வைப்பார்கள்தான், ஆனால் ஒற்றை ஷாட்டில் கற்றுக்கொடுத்த சாமர்த்தியம் ஒட்டுவது சிரமம், தள்ளிவிட்ட டேக்குகள் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். கதை சொல்லும் திறமை ஐம்பது விநாடியில் வெளிப்படாது என்ற ஆட்சேபணை இதைவிட வலுவானது. அதற்கு ஒரு பக்க எழுத்துப் பிரதியைக் கூடவே கேட்பதைத் தவிர எனக்கு வேறு சமாதானம் தெரியவில்லை. புனேயிலும் தரமணியிலும், எழுத்துத் தேர்வின் வடிகட்டலைக் கடந்து நேர்முகத்துக்கு வருகிறவர்கள் ஒரு சிறு தொகையினரே. அவர்களுக்கு ஒரு காலைப்பொழுதைக் கொடுத்து, டெலிபோன் இல்லாதவருக்கு அதையும் கொடுத்து, வளாகத்தின் கேட்டுக்குள்ளேயே எதையாவது எடுத்துவரச் சொல்லி, பிற்பகலில் அதை முன்னால் வைத்துக்கொண்டு அவரவர் தாய்மொழியில் பேச விடுவதற்குப் புதிதாகக் கட்டடமோ மானியமோ தேவைப்படாது. நிராகரிக்கப்பட்டவர்களுக்கு அந்த ஷாட்டைப் பற்றித் தேர்வாளர் நினைத்ததை இரண்டு வரி எழுதி அனுப்புவதற்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சிரமப்படவேண்டியிருக்கும். மறு ஆண்டும் மனுப் போடப்போகிறவர்கள் அவர்களிலும் இருப்பார்கள்.